சார்லஸ் வாலன்டைன் ரைலி

சார்லஸ் வாலன்டைன் ரைலி (செப்டம்பர் 18, 1843 – செப்டம்பர் 14, 1895) இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த பூச்சியியலாளர் ஆவார். பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதை ஓர் அறிவியல் துறையாக நிலைநாட்டியவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். மிசோரி மாநிலத்தின் முதல் மாநிலப் பூச்சியியலாளராகவும், பின்னர் ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமைப் பூச்சியியலாளராகவும் பணியாற்றினார். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்த பில்லாக்சரா, அமெரிக்கச் சமவெளிகளை வெறுமையாக்கிய ராக்கி மலை வெட்டுக்கிளி, கலிபோர்னியாவின் ஆரஞ்சு மரங்களைத் தாக்கிய பஞ்சுச் செதில் பூச்சி ஆகிய மூன்று பெருஞ்சிக்கல்களைத் தீர்க்க நடந்த முயற்சிகளில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

இம்மூன்றுக்கும் ரைலி முன்வைத்த வழிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. பில்லாக்சராவுக்கு எதிர்ப்புத்திறன் கொண்ட வேர்ச்செடியையும், வெட்டுக்கிளிக்கு உழவையும் குழிகளையும், செதில் பூச்சிக்கு அதன் இயற்கை எதிரியையும் அவர் நாடினார். வேறு பூச்சிகளுக்கு நச்சு மருந்தையும் மண்ணெண்ணெயையும் பரிந்துரைத்தார். எந்தவொரு முறையையும் எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவான தீர்வாக அவர் ஏற்கவில்லை. இந்த அணுகுமுறை, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைக்கு முன்னோடியாக அமைந்தது.

இளமைக் காலம்

ரைலி இலண்டனின் செல்சி பகுதியில் பிறந்தார். பிரான்சின் தியெப் நகரிலும் செருமனியின் பான் நகரிலும் உள்ள விடுதிப் பள்ளிகளில் பயின்றார். அங்கு பிரெஞ்சு, செருமன் ஆகிய மொழிகளையும் ஓவியக் கலையையும் கற்றார். சிறுவயதிலேயே பூச்சிகளைச் சேகரிப்பதிலும் அவற்றை வரைவதிலும் ஆர்வம் கொண்டிருந்தார். இவ்விரு திறன்களும் அவருடைய பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தன. அவருடைய அறிக்கைகளில் இடம்பெற்ற பூச்சிப் படங்களில் பல அவரே வரைந்தவை. பிரெஞ்சு மொழியறிவு பில்லாக்சரா ஆய்வில் பெரிதும் உதவியது.

1860ஆம் ஆண்டில், தம் 17ஆம் வயதில், ரைலி அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். இலினொய் மாநிலத்தின் கன்ககீ மாவட்டத்தில் ஒரு பண்ணையில் வேலை செய்தார். பயிரைப் பூச்சி அழிப்பதை ஓர் உழவனின் இடத்திலிருந்து அவர் நேரில் கண்டது இங்கேதான். சில ஆண்டுகளுக்குப் பின் சிகாகோ நகருக்குச் சென்று, பிரெய்ரி ஃபார்மர் என்னும் வேளாண் இதழில் செய்தியாளராகவும் ஓவியராகவும் பூச்சியியல் பகுதியின் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். உழவர்கள் அனுப்பும் பூச்சிகளை இனங்கண்டு, அவர்களுடைய கேள்விகளுக்கு இதழில் விடையளிப்பது அவருடைய பணியாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864இல் இலினொய் தன்னார்வப் படைப்பிரிவு ஒன்றில் சில மாதங்கள் பணியாற்றினார்.

இலினொய் மாநிலத்தின் பூச்சியியலாளராக இருந்த பெஞ்சமின் வால்ஷ் இக்காலத்தில் ரைலிக்கு வழிகாட்டியாக அமைந்தார். இருவரும் சேர்ந்து அமெரிக்கன் என்டமாலஜிஸ்ட் என்னும் இதழை 1868இல் தொடங்கினர். 1869இல் வால்ஷ் தொடர்வண்டி விபத்தில் இறந்தார்.

மிசோரி மாநிலத்தில் பணி

1868இல் ரைலி மிசோரி மாநிலத்தின் பூச்சியியலாளராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 24. அதன்பின் 1877 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஒன்பது அறிக்கைகளை வெளியிட்டார். இவை பயன்பாட்டுப் பூச்சியியலின் அடிப்படை நூல்களாக மதிக்கப்படுகின்றன. சார்லஸ் டார்வினும் இவற்றைப் பாராட்டினார்; இருவருக்கும் இடையே கடிதத் தொடர்பு இருந்தது.

இவ்வறிக்கைகளில் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரே ஒழுங்கு பின்பற்றப்பட்டது. முதலில் பூச்சியின் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி ஆகிய நிலைகளும் அவை எங்கே, எப்போது காணப்படும் என்பதும் விவரிக்கப்பட்டன. அடுத்து அதன் இயற்கை எதிரிகள் கூறப்பட்டன. அதன் பின்னரே கட்டுப்படுத்தும் வழிகள் இடம்பெற்றன. பூச்சி எந்த நிலையில் எளிதில் அகப்படும் என்பதை அறியாமல் மருந்தைத் தேடுவது வீண்செலவு என்பது இந்த ஒழுங்கின் உட்கருத்தாகும்.

பிளம் பழத்தைத் துளைக்கும் கூன்வண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவ்வண்டின் புழு பழத்தினுள் வளர்வதால் அதனை மருந்து எட்டுவது கடினம். ஆனால் மரத்தை அதிரச் செய்தால் முதிர்ந்த வண்டு கால்களை மடக்கிக்கொண்டு கீழே விழும் இயல்புடையது. எனவே விடியற்காலையில் மரத்தடியில் துணியை விரித்து, மரத்தைத் தட்டி, விழும் வண்டுகளைத் திரட்டி அழிக்குமாறு ரைலி அறிவுறுத்தினார். புழுக்கள் உள்ள உதிர்ந்த பழங்களை அகற்றவும் கூறினார். இவ்வண்டின் ஒட்டுண்ணிக் குளவிகளை 1870இல் மாநிலத்தின் ஒரு பகுதியிலிருந்து பிற பகுதிகளுக்குப் பரப்பவும் முயன்றார்.

அதே காலத்தில் கொலராடோ உருளைக்கிழங்கு வண்டு மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்தது. ராக்கி மலை அடிவாரத்தின் காட்டுச் செடியொன்றை உண்டு வாழ்ந்த இவ்வண்டு, குடியேறியவர்கள் பயிரிட்ட உருளைக்கிழங்குக்கு மாறி, 1874இல் அட்லாண்டிக் கரையை எட்டியது. வண்டும் அதன் புழுவும் இலையின்மீது வெளிப்படையாக அமர்ந்து உண்பவை. எனவே இதற்கு ஆர்செனிக் கலந்த பாரிஸ் பச்சை என்னும் நிறமிப் பொடியைப் பயன்படுத்துவதை ரைலி ஏற்றார். அதேவேளை, மனிதருக்கும் கால்நடைகளுக்கும் அது கொடிய நஞ்சு என்பதால் கவனத்துடன் கையாளவும் எச்சரித்தார்.

திராட்சைப் பில்லாக்சரா

1860களில் தெற்குப் பிரான்சின் திராட்சைக் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போகத் தொடங்கின. 1868 சூலையில் ஜூல்ஸ் எமில் பிளான்ஷோன் உள்ளிட்ட மூவர் குழு, கொடிகளின் வேர்களில் சாறு உறிஞ்சும் நுண்ணிய மஞ்சள் நிறப் பூச்சியைக் கண்டது. அசுவினியின் உறவினமான இப்பூச்சிக்குப் பில்லாக்சரா என்று பெயர். இது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதில் பிரெஞ்சு அறிஞர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது.

அமெரிக்காவில் திராட்சை இலைகளில் கொப்புளங்களை உண்டாக்கும் ஒரு பூச்சி 1855இலேயே விவரிக்கப்பட்டிருந்தது. இலையில் வாழும் அமெரிக்கப் பூச்சியும் வேரில் வாழும் பிரெஞ்சுப் பூச்சியும் ஒன்றே என்னும் ஐயம் எழுந்தது. ரைலி மிசோரியில் இதனை ஆராய்ந்து, இலை வடிவமும் வேர் வடிவமும் ஒரே பூச்சியின் இரு நிலைகள் என்று காட்டினார். 1871இல் பிரான்சுக்குச் சென்று இரு நாட்டுப் பூச்சிகளும் ஒன்றே என்பதை உறுதிப்படுத்தினார்.

இக்கண்டுபிடிப்பிலிருந்து ஒரு முக்கிய முடிவு கிடைத்தது. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் நெடுங்காலம் இப்பூச்சியுடன் வாழ்ந்தும் அழியவில்லை; எனவே அவற்றின் வேர்களுக்கு எதிர்ப்புத்திறன் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கொடியை அமெரிக்க வேரின்மீது ஒட்டுக்கட்டலாம் என்னும் கருத்தைப் பிரான்சில் லியோ லாலிமான், காஸ்தோன் பாசீல் ஆகியோர் முன்வைத்திருந்தனர். எந்தெந்த அமெரிக்க வகைகள் எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்பதை மிசோரித் தோட்டங்களில் ஆராய்ந்து வெளியிட்டது ரைலியின் பங்களிப்பாகும். 1873இல் பிளான்ஷோன் அமெரிக்காவுக்கு வந்தபோது ரைலி அவருக்குத் துணைநின்றார். ஹெர்மன் யேகர், இசிடோர் புஷ் முதலிய மிசோரித் தோட்டக்காரர்கள் பிரான்சுக்குப் பெருமளவில் திராட்சைத் தண்டுகளை அனுப்பினர்.

பிரெஞ்சு உழவர்கள் முன் அப்போது பல வழிகள் இருந்தன:

- குளிர்காலத்தில் தோட்டத்தைப் பல வாரங்கள் நீரில் மூழ்கடித்தல். இது பயன் தந்தது. ஆனால் சமதரையும் மிகுதியான நீரும் உள்ள இடங்களில் மட்டுமே இயன்றது.
- மணற்பாங்கான நிலத்தில் பயிரிடுதல். மணலில் பூச்சி பரவ இயலவில்லை. ஆனால் அத்தகைய நிலம் குறைவு.
- மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடைச் செலுத்துதல். இது பூச்சியைக் கொன்றது. ஆனால் விலை மிகுந்தது, தீப்பற்றக்கூடியது, ஆண்டுதோறும் தொடர வேண்டியது.
- அமெரிக்க வேரின்மீது ஒட்டுக்கட்டுதல். இதற்குத் தோட்டம் முழுவதையும் பிடுங்கி மீண்டும் நட வேண்டும். ஆனால் பயன் நிலையானது.

ரைலி மற்றொரு வழியையும் சோதித்தார். பில்லாக்சராவை உண்ணும் ஒரு சிலந்திப்பேன் வகையை 1873இல் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு அனுப்பினார். பூச்சிக்கட்டுப்பாட்டுக்காக ஓர் இரைவிழுங்கி உயிரினம் ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்துக்கு அனுப்பப்பட்ட முதல் நிகழ்வுகளுள் இது ஒன்று. அது பிரான்சில் நிலைத்தபோதிலும் பூச்சியைக் குறைக்கவில்லை.

இறுதியில் ஒட்டுக்கட்டுதலே பெரும்பாலான தோட்டங்களைக் காத்தது. அதுவும் எல்லா இடங்களிலும் ஒரே வகையில் பொருந்தவில்லை. முதலில் வந்த அமெரிக்க வகைகள் சுண்ணாம்பு மண்ணில் வெளிறிப்போயின. அத்தகைய மண்ணுக்கு ஏற்ற வகைகள் டெக்சாஸ் பகுதியிலிருந்து பின்னரே பெறப்பட்டன. பிரெஞ்சு அரசு ரைலியின் பணியைப் பாராட்டித் தங்கப் பதக்கம் வழங்கியது; 1889இல் லெஜியன் ஆஃப் ஆனர் விருதையும் அளித்தது.

ராக்கி மலை வெட்டுக்கிளி

1873 முதல் 1877 வரை ராக்கி மலை வெட்டுக்கிளிகள் அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் மீண்டும் மீண்டும் இறங்கின. புதிதாகக் குடியேறியிருந்த உழவர்கள் தங்கள் முழு விளைச்சலையும் இழந்தனர். பலர் நிலத்தை விட்டு வெளியேறினர். 1874 இலையுதிர் காலத்தில் மேற்கு மிசோரியில் இடப்பட்ட முட்டைகள் 1875 வசந்தத்தில் பொரித்து, இளங்கிளிகள் வயல்களை மொட்டையாக்கின. மாநில ஆளுநர் 1875 சூன் 3ஆம் நாளை நோன்புக்கும் வழிபாட்டுக்கும் உரிய நாளாக அறிவித்தார். வழிபாட்டோடு நின்றுவிடாமல், பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்டவும் கிளிகளை அழிக்கவும் வேண்டும் என்று ரைலி செய்தித்தாள்களில் வலியுறுத்தினார்.

வெட்டுக்கிளிகள் சிறகு முளைத்ததும் சூன் மாதத்தில் வடமேற்கு நோக்கிப் பறந்துவிடும் என்றும், அவை மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் நிலையாக வாழ இயலாதவை என்றும் ரைலி முன்கூட்டியே கூறினார். அவ்வாறே நடந்தது. ஆகவே உழவர்கள் நிலத்தைக் கைவிடாமல், கிளிகள் சென்ற பின் விரைவில் விளையும் பயிர்களை விதைக்குமாறு அவர் அறிவுறுத்தினார்.

வானில் கூட்டமாகப் பறக்கும் கிளிகளை ஒன்றும் செய்ய இயலாது. முட்டையையும் சிறகற்ற இளங்கிளியையும் அழிக்க இயலும். ரைலியின் பரிந்துரைகள் அனைத்தும் இந்த வேறுபாட்டின்மீது அமைந்தவை. முட்டைகள் உள்ள நிலத்தை உழுது புரட்டுதல், வயலைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு அடி அகலமும் ஆழமும் கொண்ட செங்குத்தான குழிகளை வெட்டுதல், தார் அல்லது மண்ணெண்ணெய் பூசிய தட்டுகளை இழுத்துச் சென்று கிளிகளைப் பிடித்தல், வைக்கோலைக் குவித்து எரித்தல் ஆகியன அவற்றுள் சில. வெட்டுக்கிளிகளை உணவாக்கலாம் என்றும் அவர் கூறினார். 1875இல் மிசோரியின் வாரன்ஸ்பர்க் நகரில் வெட்டுக்கிளி உணவு வகைகளைச் சமைத்து விருந்தளித்தார். பசியால் வாடிய மக்களுக்குக் கையருகே உணவு இருந்தது என்பதே அவருடைய வாதம். எனினும் அது மக்களிடையே பரவவில்லை.

1877இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஐக்கிய அமெரிக்கப் பூச்சியியல் ஆணையத்தை நிறுவியது. ரைலி அதன் தலைவராகவும், அல்பியஸ் பாக்கார்ட், சைரஸ் தாமஸ் ஆகியோர் உறுப்பினர்களாகவும் அமர்ந்தனர். இவ்வாய்வின்போது கொப்புள வண்டுகளின் வாழ்க்கைச் சுழற்சியை ரைலி கண்டறிந்தார். முதிர்ந்த வண்டு உருளைக்கிழங்கு முதலிய பயிர்களை உண்ணும். ஆனால் அதன் புழு மண்ணுக்குள் வெட்டுக்கிளியின் முட்டைகளை உண்டு வளரும். ஒரே பூச்சி உழவனுக்குப் பகையாகவும் நட்பாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாயிற்று.

1877க்குப் பின் கிளிகளின் படையெடுப்பு தணிந்தது. இவ்வினம் கடைசியாக உயிருடன் காணப்பட்டது 1902இல் ஆகும். அது நிலையாகப் பெருகிய மலைப் பள்ளத்தாக்குகள் விளைநிலங்களானதே அழிவுக்குக் காரணம் என்பது பின்னாளைய ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்.

வேளாண்மைத் துறையில்

1878இல் ரைலி ஐக்கிய அமெரிக்க வேளாண்மைத் துறையின் பூச்சியியலாளராக நியமிக்கப்பட்டார். துறைத் தலைவருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1879இல் விலகினார். 1881இல் மீண்டும் அப்பதவியை ஏற்று 1894 வரை நீடித்தார்.

இக்காலத்தில் நச்சு மருந்தைப் பூச்சி இருக்கும் இடத்தில் சேர்ப்பது எவ்வாறு என்பது அவருடைய ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாக இருந்தது. தென் மாநிலங்களில் பருத்தி இலைப்புழுவைக் கட்டுப்படுத்தப் பாரிஸ் பச்சை தூவப்பட்டது. மேலிருந்து தூவிய மருந்து இலையின் அடிப்புறத்தைச் சேரவில்லை. ரைலியின் கீழ்ப் பணியாற்றிய வில்லியம் பர்னார்டின் முயற்சியால் சுழல் நாசில் எனப்படும் தெளிப்பு முனை உருவானது. இதில் நீர் ஒரு சிறு வட்ட அறைக்குள் பக்கவாட்டில் நுழைந்து சுழன்று, நடுத்துளை வழியாக மெல்லிய பனிபோல வெளிவரும். கீழிருந்து மேல்நோக்கியும் இதனால் தெளிக்க முடிந்தது. ரைலி நாசில் என்றும் அறியப்பட்ட இக்கருவி பிரான்சில் வெர்மோரெல் என்பவரால் மேம்படுத்தப்பட்டு, திராட்சைக்குப் போர்டோ கலவை தெளிக்கப் பயன்பட்டது. குறைந்த மருந்தால் நிறைந்த பயன் பெறுவதற்கு இது வழிவகுத்தது.

ஆர்செனிக் மருந்துகள் இலையைக் கடித்துத் தின்னும் பூச்சிகளையே கொல்லும். செடிக்குள் ஊசிபோன்ற வாயைச் செலுத்திச் சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகளுக்கு அவை பயன்படா. அவற்றின் உடலில் நேரடியாகப் படும் மருந்தே தேவை. மண்ணெண்ணெய் அதற்கு ஏற்றது. ஆனால் தனி மண்ணெண்ணெய் மரத்தையும் கருக்கிவிடும். ரைலியின் அறிவுறுத்தலின்படி புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் ஆய்ந்த ஹென்றி ஹப்பார்ட், மண்ணெண்ணெய்ப் பால்மத்தை உருவாக்கினார். அரை பவுண்டு சோப்பை ஒரு காலன் கொதிநீரில் கரைத்து, இரண்டு காலன் மண்ணெண்ணெயுடன் பாலாகும் வரை கடைந்து, தெளிக்கும்போது ஏறத்தாழ ஒன்பது மடங்கு நீர் சேர்க்க வேண்டும். உழவர் வீட்டிலேயே தயாரிக்கக்கூடிய இம்மருந்து பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது.

1883இல் ஐரோப்பாவிலிருந்து வந்த முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுவைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ரைலி இங்கிலாந்திலிருந்து தருவித்து விடுவித்தார். அது அமெரிக்காவில் நிலைபெற்றது.

பஞ்சுச் செதில் பூச்சியும் வெடாலியா வண்டும்

1868 அளவில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க் பகுதியில் அகேசியா செடிகளுடன் ஒரு புதிய செதில் பூச்சி வந்து சேர்ந்தது. பெண் பூச்சியின் பின்புறத்தில் முட்டைகள் நிறைந்த வெண்பஞ்சு போன்ற பை இருப்பதால் இது பஞ்சுச் செதில் பூச்சி எனப்பட்டது. 1880களின் நடுவில் இது தென் கலிபோர்னியாவின் ஆரஞ்சு மரங்களை வெண்மையாக்கிக் கொன்றது. உழவர்கள் மரங்களை வெட்டி எரித்தனர். நிலங்களின் விலை சரிந்தது. பால்மங்களைத் தெளித்தும், மரத்தைக் கூடாரத்தால் மூடி ஹைட்ரஜன் சயனைடு நச்சுவாயுவைச் செலுத்தியும் பார்த்தனர். வாயு முறையை ரைலியின் களப்பணியாளரான டேனியல் கோகிலெட் 1886இல் உருவாக்கினார். அது பயன் தந்தாலும் செலவும் உழைப்பும் மிகுந்தது. பூச்சி அண்டைத் தோட்டங்களிலிருந்து மீண்டும் வந்துவிடும்.

இப்பூச்சியின் தாயகம் ஆஸ்திரேலியா என்று ரைலி முடிவு செய்தார். அங்கே இது பெருங்கேடு விளைப்பதாகச் செய்தி இல்லை. எனவே அதனைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எதிரி ஒன்று அங்கே இருக்க வேண்டும் எனக் கருதினார். 1887 ஏப்ரலில் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் தோட்டக்காரர்களிடையே பேசியபோது, அவ்வெதிரியைத் தேடி ஒருவரை அனுப்ப வேண்டும் என்று எடுத்துரைத்தார். ஆனால் பூச்சியியல் பிரிவினர் அரசுச் செலவில் வெளிநாடு செல்வதற்குக் காங்கிரஸ் தடை விதித்திருந்தது. மெல்போர்ன் கண்காட்சிக்காக வெளியுறவுத் துறைக்கு ஒதுக்கப்பட்ட நிதியிலிருந்து 2,000 டாலர் பெறப்பட்டதால் இத்தடை கடக்கப்பட்டது.

1888 ஆகஸ்ட் 25 அன்று ரைலியின் உதவியாளர் ஆல்பர்ட் கோபெலே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கப்பலேறினார். அடிலெய்டைச் சேர்ந்த ஃபிரேசர் கிராஃபோர்ட் கண்டறிந்திருந்த ஓர் ஒட்டுண்ணி ஈயைக் கொண்டுவருவதே பயணத்தின் நோக்கம். ரைலியும் அந்த ஈயிடமே நம்பிக்கை வைத்திருந்தார். 1888 அக்டோபர் 15 அன்று வடக்கு அடிலெய்டில் ஒரு தோட்டத்தில், செதில் பூச்சியை உண்ணும் சிறிய சிவப்புப் பொறிவண்டு ஒன்றைக் கோபெலே கண்டார். அன்று வெடாலியா எனப்பட்ட இவ்வண்டு பின்னாளில் ரொடோலியா கார்டினாலிஸ் என்னும் பெயரால் அறியப்பட்டது.

முதல் 28 வண்டுகள் நவம்பர் 30 அன்று வந்து சேர்ந்தன. அடுத்து 44, பின்னர் 57 என மொத்தம் 129 வண்டுகள் சனவரி இறுதிக்குள் கிடைத்தன. கோகிலெட் இவற்றை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உல்ஃப்ஸ்கில் தோட்டத்தில், கூடாரத்தால் மூடப்பட்ட ஓர் ஆரஞ்சு மரத்தில் விட்டார். வண்டுகள் அம்மரத்தைத் தூய்மையாக்கியதும், 1889 ஏப்ரலில் கூடாரத்தின் ஒரு பக்கம் திறக்கப்பட்டது. சூன் 12க்குள் 10,555 வண்டுகள் 208 தோட்டக்காரர்களுக்கு வழங்கப்பட்டன. ஓராண்டில் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்ட ஆரஞ்சு 700 தொடர்வண்டிப் பெட்டிகளிலிருந்து 2,000 பெட்டிகளாக உயர்ந்தது.

இவ்வெற்றிக்குக் காரணங்கள் உண்டு. வெடாலியா இச்செதில் பூச்சி இனத்தையே நம்பி வாழ்வது. இரையை விட விரைவாகப் பெருகுவது. கலிபோர்னியாவின் தட்பவெப்பம் அதற்கு ஒத்துப்போனது. ரைலி நம்பியிருந்த ஈயும் நிலைபெற்று, கடலோரப் பகுதிகளில் பயன் தந்தது.

வெற்றிக்குப் பின் எழுந்த சர்ச்சை

வெற்றிக்கு உரியவர் யார் என்பதில் பிணக்கு எழுந்தது. கலிபோர்னியத் தோட்டக்காரர்கள் கோபெலேவுக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவிக்கு வைரத் தோடுகளும் பரிசளித்தனர். திட்டத்தை வகுத்த தமக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்று ரைலி கருதினார். மாநில அதிகாரிகளும் வெற்றியில் பங்கு கோரினர்.

இதனினும் ஆழமானது முறையைப் பற்றிய கருத்து வேறுபாடு. வெடாலியாவின் வெற்றியைக் கண்ட கலிபோர்னியர் பலர், ஒவ்வொரு பூச்சிக்கும் அதன் எதிரியைக் கொண்டுவந்தால் போதும், மருந்து தேவையில்லை என்று நம்பத் தொடங்கினர். மாநில அரசு 5,000 டாலர் ஒதுக்க, கோபெலே 1891இல் மீண்டும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். வெடாலியாவின் வாழ்க்கை முறை தனித்தன்மை வாய்ந்தது என்றும், கறுப்புச் செதில், சிவப்புச் செதில் முதலிய பூச்சிகளுக்கும் அதே பயன் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் தெளிப்பதைக் கைவிட்டால் தோட்டங்கள் கேடுறும் என்றும் ரைலி எச்சரித்தார். இயற்கை எதிரிகளைக் கொண்டுவருவதை முதலில் வலியுறுத்தியவரே இவ்வாறு கூறியது கலிபோர்னியர்களுக்குச் சினமூட்டியது. தம் பெயருக்கு நேர்ந்த குறையை எண்ணியே அவர் தடுக்கிறார் என்று சிலர் கருதினர்.

இரண்டாம் பயணத்தில் பல்லாயிரக்கணக்கான பூச்சிகள் வந்தன. அவற்றுள் கிரிப்டோலீமஸ் பொறிவண்டு பின்னாளில் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் மாவுப்பூச்சிக்கு எதிராகப் பயன்பட்டது. எனினும் வெடாலியாவுக்கு இணையான வெற்றி எதுவும் அப்போது கிடைக்கவில்லை. 1893இல் கோபெலே பதவி விலகி ஹவாயில் பணியேற்றார்.

பிற ஆய்வுகள்

யக்கா செடிக்கும் யக்கா அந்துப்பூச்சிக்கும் இடையே உள்ள மகரந்தச் சேர்க்கை உறவை ரைலி 1872 முதல் ஆராய்ந்தார். அந்துப்பூச்சி இன்றிச் செடி காய்ப்பதில்லை. செடி இன்றி அந்துப்பூச்சியின் புழு வளர்வதில்லை. 1884இல் தொடங்கிய வாஷிங்டன் பூச்சியியல் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தார். லேலண்ட் ஹவர்டுடன் இணைந்து இன்செக்ட் லைஃப் என்னும் இதழை நடத்தினார். ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தம் பூச்சி மாதிரிகளை ஐக்கிய அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்திற்குக் கொடையாக அளித்தார்.

இறுதிக் காலம்

உடல்நலக் குறைவாலும் பணியிடத்துப் பிணக்குகளாலும் ரைலி 1894இல் பதவி விலகினார். ஹவர்டு அவருக்குப் பின் பொறுப்பேற்றார். 1895 செப்டம்பர் 14 அன்று காலை வாஷிங்டனில் மிதிவண்டியில் சரிவான சாலையொன்றில் இறங்கும்போது, சாலையில் கிடந்த கல்லில் சக்கரம் மோதி வீழ்ந்தார். தலையில் பலத்த அடிபட்டு அன்றே காலமானார். 52ஆம் பிறந்தநாளுக்கு அப்போது நான்கு நாட்களே இருந்தன.

தாக்கம்

வெடாலியாவின் வெற்றி உயிரியல் முறைப் பூச்சிக்கட்டுப்பாட்டின் தொடக்கமாகக் குறிப்பிடப்படுகிறது. இவ்வண்டு பின்னர் உலகின் பல நாடுகளில் விடுவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் நீலகிரி மலைப்பகுதியில் 1920களின் இறுதியில் பஞ்சுச் செதில் பூச்சி சீகை மரங்களில் தோன்றியபோது, இவ்வண்டு வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு அங்கும் விடப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் வேறு பூச்சிகளுக்காக டி.டி.டி. தெளிக்கப்பட்டபோது, வெடாலியா வண்டுகள் மடிந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்த பஞ்சுச் செதில் பூச்சி மீண்டும் மரங்களை மூடியது. மருந்தும் இயற்கை எதிரியும் ஒன்றையொன்று அழிக்காத வகையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. 1959இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வெர்னன் ஸ்டெர்ன், ரே ஸ்மித், ராபர்ட் வான் டென் போஷ், கென்னத் ஹேகன் ஆகியோர் ஒருங்கிணைந்த கட்டுப்பாடு என்னும் கோட்பாட்டை வெளியிட்டனர். பூச்சியால் ஏற்படும் இழப்பு கட்டுப்படுத்தும் செலவை எட்டும் நிலையில் மட்டும், இயற்கை எதிரிகளைக் கெடுக்காத மருந்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். இதுவே ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையாக வளர்ந்தது. பொருளாதாரச் சேத நிலை போன்ற அளவீடுகள் ரைலியின் காலத்தில் இல்லை. எனினும் பூச்சியை அறிதல், இடத்துக்கு ஏற்ற முறையைத் தேர்தல், ஒரு முறையின் குறையை மற்றொன்றால் நிரப்புதல் ஆகிய மூன்றும் அவருடைய பணியில் காணப்பட்டவை.

பில்லாக்சரா வரலாறும் அவரோடு முடியவில்லை. கலிபோர்னியாவின் நாப்பா, சொனோமா பகுதிகளில் பரவலாக நடப்பட்டிருந்த ஏ.எக்ஸ்.ஆர்.1 என்னும் வேர்ச்செடி, ஐரோப்பியத் திராட்சையின் கலப்பு உடையது. 1980களில் அதனைப் பில்லாக்சரா தாக்கியதால் பெரும் பரப்பில் தோட்டங்கள் பிடுங்கி மீண்டும் நடப்பட்டன. மிசோரி அறிக்கைகளில் ரைலி செய்ததுபோல, எந்த வேர் எந்த அளவுக்குத் தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து அறிய வேண்டிய தேவை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நீங்கவில்லை.